செண்பகம் வெட்டும் பிசிறு

மடியில் மல்லாந்து கிடக்கும் பூனையின் முன்காலைப் பிடித்து, விரல் நுனியை மெல்ல அழுத்துகிறார் செண்பகம். உள்ளே மடங்கியிருந்த நகம் எட்டிப் பார்க்கிறது. "வெளில வா நைனா, உன்ன இன்னா கடிச்சா துன்னப் போறேன்?" நகவெட்டி 'டக்' என்கிறது. நுனி மட்டும் தெறித்து விழுகிறது. பூனையின் பெயர் மைனர். ஊர் சுற்றிவிட்டு விடிந்த பிறகு வீடு திரும்பும் ஆசாமிக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

செண்பகத்துக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், வண்டிகளுக்கு ரப்பர் வாஷர் செய்யும் கம்பெனியில் வேலை. அச்சிலிருந்து வரும் வாஷரின் ஓரத்தில் ரப்பர் பிதுங்கி நிற்கும், அதுதான் பிசிறு. அதைச் சின்னக் கத்தரியால் ஒட்ட வெட்ட வேண்டும். மயிரிழை மிச்சமிருந்தாலும் பீஸ் ரிஜெக்ட். ஷிப்டு முடிந்தும் அந்தக் கை சும்மா இருக்காது. பக்கத்துப் போர்ஷனில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தால், பேசிக்கொண்டே தலையணை உறையில் தொங்கும் நூலைக் கிள்ளி எறிவார்.

முதல் முறை அந்தக் கைதான் அவரை ஏமாற்றியது. மைனரின் நகத்தையும் வாஷராக நினைத்து ஒட்ட வெட்டிவிட்டார். நகத்துக்குள் சிவப்பாகத் தெரியும் சதை அறுபட்டு ரத்தம் வந்துவிட்டது. மைனர் பீரோ மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, சங்கரா மீனைக் காட்டியும் இறங்கவில்லை. அன்று செண்பகம் அழுதார். "கம்பெனில ஒட்ட வெட்னாதான் பாஸு. இதுல ஒட்ட வெட்னா பாவம். கொஞ்சம் உட்டுதான் வெட்டணும்" என்கிறார் இப்போது. வயிறு நிறைந்து சொக்கும் நேரம் பார்த்துத்தான் காலைத் தொடுகிறார். இவரிடம் நகம் வெட்டிக்கொள்ள மீஞ்சூரிலிருந்துகூட ஒருத்தி கூடையில் பூனையோடு ரயிலேறி வந்தாள்.

பிராண்டலுக்கும் வழி செய்திருக்கிறார். மைனர் கதவு நிலையைப் பிராண்டிய அதே இடத்தில் சாக்கை இறுக்கிச் சுற்றி ஆணி அடித்து, பூனைகளைச் சொக்கி இழுக்கும் குப்பைமேனி வேரைக் கசக்கித் தேய்த்தார். இப்போது மைனருக்கு அந்தச் சாக்கு என்றால் உயிர். "அட்ச்சா நிக்குமா? அதுக்குப் பிராண்டணும், பிராண்டட்டும். நாம சொல்ற எடத்துல பிராண்டட்டும்."

இந்தக் கைப்பக்குவத்துக்குப் போன ஞாயிற்றுக்கிழமை சோதனை வந்தது. மகள் சுகிர்தா பிரசவத்துக்கு வந்து, கைக்குழந்தையோடு இங்கேதான் இருக்கிறாள். ஊத்துக்கோட்டையிலிருந்து வந்த மருமகன் பாஸ்கர், தூளிக்குக் கீழே மைனர் தூங்குவதைப் பார்த்துவிட்டார். "பூனை கீற ஊட்ல கொழந்தய உட மாட்டேன் அத்தை. ஒண்ணு அது போவணும், இல்லாட்டி நான் இவங்கள இட்டுக்கினு போறேன்." சொன்னதோடு நிற்காமல் குழந்தையின் துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். சுகிர்தா அம்மாவைப் பார்த்தாள். நானும் அங்கேதான் நின்றிருந்தேன். பேத்தி முகத்தைப் பார்க்காமல் செண்பகத்துக்குச் சோறு இறங்காது. மைனரைக் கொண்டுபோய் எங்கோ விடுகிற ஆளும் அவர் இல்லை.

"செத்த குந்துங்க மாப்ள" என்றார் செண்பகம். மாப்பிள்ளை உட்காரவில்லை. செண்பகம் தன்பாட்டுக்கு மைனரை மடியில் கிடத்தி நகங்களை வெட்டினார். நகவெட்டியின் அரத்தால் ஒவ்வொரு முனையையும் தேய்த்தார்.

"கொழந்த தோலு மாதிரி மெலிசான தோலு நம்ம ஒடம்புல எங்க கீது? பாத்துக்கோங்க." கண்ணை மூடினார். மைனரின் காலை அழுத்தி நகங்களை வெளியே வரவழைத்து, தன் இமை மேல் ஓர் இழுப்பு இழுத்தார்.

"யம்மா!" என்று கத்திவிட்டாள் சுகிர்தா. இமையில் ஒரு கீறல் இல்லை. பாஸ்கர் தோளிலிருந்து பையை இறக்கித் தரையில் வைத்தார். செண்பகம் அதைப் பார்க்கவில்லை. கண்ணைத் திறக்காமலே அடுத்த காலை எடுத்து மற்ற இமையில் வைத்துக்கொண்டிருந்தார்.