மாக்கிரட் அக்காவின் மேல் ஒட்டிய முகம்

ஜொய்சி என்ற பேரை நான் முதன்முதல் கேட்டது ஒரு கடிதத்தில். மன்னாரிலிருந்து என் பெரியம்மாவின் மகன் தேவதாசன் எழுதியிருந்தான். எனக்கு வாசிப்புக் குறைவு. என் கூடப்பிறந்த மாக்கிரட் அக்காதான் மொன்றியலில் எங்கள் லாசால் வீட்டுக் குசினியில், அடுப்படியில் நின்று வாசித்தாள். தேவதாசன் தன் கடைசிப் பெண்ணுக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டானாம்.

"ஜொய்சியோ? குளிக்கிற சவர்க்காரத்துக்கு வைக்கிற பேரடி இது," என்று அக்கா சிரித்தாள்.

அந்தப் பிள்ளை இருபது வயதில் மொன்றியலுக்கு வந்தபோது முதல் இரண்டு வருடம் எங்களோடுதான் இருந்தாள். நன்றாகப் படம் கீறுவாள். புகைப்படத்தின் மேல் பென்சிலால் கட்டம் போட்டு, அதே கட்டங்களைப் பெரிய தாளிலும் போட்டு, ஒரு மயிர் பிசகாமல் கீறுவாள். செத்தவர்களின் படம், மடு மாதா படம் எல்லாவற்றுக்கும் சனம் அவளைத்தான் தேடும்.

பிறகு பகலில் கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, பின்னேரத்தில் ஒரு பிரெஞ்சுக்கார ஆசிரியையிடம் வர்ணம் தீட்டப் படித்தாள். கட்டம் போடுவதை விட்டாள். பனி மூடிய தெரு ஒன்றைக் கீறிக்கொண்டு வந்தாள். மரங்களின் நிழல் எல்லாம் நீலம்.

"நிழல் கறுப்பெல்லோ பிள்ளை? நீலம் மலிவோ?" என்று கேட்டேன்.

"வெளியிலை பாருங்கோ மாமி."

பார்த்தேன். நீலமாகத்தான் கிடந்தது. ஓம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு அவள் கீறிய ஆட்களுக்குக் கண்ணும் மூக்கும் குறைந்துகொண்டே போயின. கைகள் பெருத்தன. சனம் படம் கேட்பதை நிறுத்தியது. "நல்லாக் கீறினவள், கெட்டுப்போனாள்" என்று கோயில் வாசலில் நாலு பேர் கேட்க நானும்தான் சொன்னேன்.

போன வருடம் அக்கா செத்தாள். முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு மண்டபத்தில் வைக்க ஜொய்சியிடம் படம் கேட்டேன். பழைய மாதிரித்தான் கீறுவாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

அவள் கொண்டுவந்த படத்தில் அக்கா, உயிரோடு இருக்கையில் எப்போதும் இருந்த மாதிரி, தையல் மெசினில் குனிந்திருந்தாள். முகம் மஞ்சளும் பச்சையும். கண் இல்லை. இரண்டு கைகளும் படத்தில் பாதி.

"நான் ஒண்டையும் பாத்துக் கீறாத முதல் படம் இதுதான், மாமி. பிடிக்காட்டி வைக்க வேண்டாம், எனக்கே தாங்கோ. மே மாதம் கண்காட்சி இருக்கு. அங்கை இதைத்தான் வைக்கப்போறன்."

"நல்லா இருக்கு பிள்ளை" என்றேன். பொய்.

கர்க்லாண்டிலிருந்தும் லவாலிலிருந்தும் சொந்தம் வரும், என்ன சொல்லும் என்பதுதான் என் தலைக்குள் நின்றது. அக்காவின் பாஸ்போட் படத்தைப் பெருப்பித்து, முகத்தை மட்டும் வெட்டி, மரத்துக்குப் பூசும் பசையைத் தடவி அந்தப் பச்சை முகத்தின் மேல் ஒட்டினேன்.

"அம்மா, ஜொய்சி மச்சாளிட்டை ஒருக்கால் கேளுங்கோவன்," என்றாள் என் மகள் ஜெயனி.

"அவளுக்கு நான் மாமி. என்னத்தைக் கேக்கிறது?" என்று சொல்லி மாலையையும் போட்டேன்.

மண்டபத்தில் சனம் மெச்சியது. "அச்சொட்டா மாக்கிரட்! பெட்டை திருந்தீட்டாள் போலை!" பின்னால் ஜொய்சி சாப்பாட்டுத் தட்டோடு நின்றாள்.

"அதைக் கழட்டலாமோ மாமி?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"சனம் நிக்குது. பேந்து பாப்பம்."

தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த நாள் சுடுதண்ணீரில் துணி நனைத்து, ஒட்டியதை உரித்தேன். அக்காவின் இரண்டு முகமும் சேர்ந்தே வந்தன. வர்ணம் போன இடத்தில் வெறும் சீலை தெரிந்தது. ஜொய்சிக்குப் போன் எடுத்தேன். "பசை கொஞ்சம் கூடிப்போச்சு பிள்ளை" என்றேன். பிழை என்னுடையது என்று சொல்லவில்லை. பழியைப் பசையில் போட்டேன்.

"கண்காட்சிக்கு வேறை ஒண்டும் இல்லை, மாமி," என்றாள். அவ்வளவுதான்.

மே மாதம் அந்தக் கண்காட்சியில் அவளுடைய படம் இருக்கவில்லை. ஜெயனி போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அதற்குப் பிறகும் நான் போய் மன்னிப்புக் கேட்கவில்லை. வெட்கம்தான் காரணம். அதுவும் ஒரு சாட்டு என்று எனக்குத் தெரியும்.

ஜொய்சி இப்போது லவாலில் தனியாக இருக்கிறாள். பகலில் கார்டெரி வேலை, மிச்ச நேரம் படம் கீறுகிறாள். எங்கள் வீட்டுக்கு வருவதில்லை.