மடைக்கல்லில் இரண்டெழுத்து

அன்று மடைக்கல்லின் பக்கத்தில் நின்றவர்கள் அப்பா, அம்மை, சித்தப்பா, நான். வராதவர்கள் கடைமடைக்காரர்கள். அவர்களுக்குச் சொல்லியனுப்ப வேண்டாம் என்று சித்தப்பா தடுத்துவிட்டார்.

மழை பொய்த்த வருஷம் அது. கால்வாயில் வந்த கொஞ்சத் தண்ணீரை யார் முதலில் பாய்ச்சுவது என்று தகராறு. எங்கள் வயல் மேல்மடையில்; கடைமடை கால்வாய் முடியும் இடத்தில். அவர்கள் தாசில்தாருக்கு மனுக் கொடுத்திருந்தார்கள். முதல் தண்ணீர் எங்களுக்கு என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறது என்பது எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக வந்த பேச்சு. கல் எங்கள் மடையோரத்தில்தான் கிடந்தது. அதை வாசித்தவர்தான் எங்கள் வம்சத்தில் யாருமில்லை. நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என்னாலும் முடியவில்லை. எழுத்தெல்லாம் நத்தை சுருண்டாற்போல் இருந்தது.

அதற்காகத்தான் அப்பா, பழைய கல்லெழுத்து வாசிக்கத் தெரிந்த அண்ணாவியை அழைத்து வந்தார். அந்த வட்டாரத்துப் பாறையெல்லாம் அவருக்குச் சொந்தக்காரர்கள் என்பார்கள். வேட்டிக்கு மேல் கறுப்புக் கோட்டு, காலில் செருப்பில்லை. கல்லின் முன்னால் குந்தி அதைத் தட்டிக்கொடுத்தார்.

“என்னடே, இத்தன நாளும் வாயத் தொறக்காம கெடந்தியா?”

“பத்து வருசமா நான் அதும்மேல துணி அடிக்கேன். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல்லியே” என்றாள் அம்மை.

அண்ணாவி அரிசிமாவை அள்ளிக் கல்லின் மேல் தேய்த்தார். கறுத்த கல்லில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வெள்ளையாய் எழுந்து வந்தன. எனக்கு மயிர் கூச்செறிந்தது. எந்தக் காலத்திலோ ஒருவன் உளி பிடித்துச் சொன்னதை அந்த மனிதர் இப்போது வாய்விட்டுச் சொல்கிறார்.

“மடை முதலாகப் பாய்வது” என்று வாசித்தார்.

“கேட்டியளா அண்ணே, முதல்னுல்லா இருக்கு” என்று சித்தப்பா தொடையைத் தட்டினார்.

அண்ணாவி இடது ஓரத்தில் படிந்திருந்த சவுக்காரக் கறையைச் சிரட்டையால் சுரண்டினார். மறுபடி மாவைத் தேய்த்தார். இன்னும் இரண்டெழுத்து வெளியே வந்தன. “கடை.”

கடைமடை முதலாகப் பாய்வது.

“கல்லு சொன்னத நான் சொல்லியாச்சு” என்று கையைக் கழுவிக்கொண்டு அண்ணாவி போய்விட்டார்.

கல்லில் உள்ளதை எழுதித் தரச் சொல்லியிருந்தார் தாசில்தார். அண்ணாவி வாசித்ததை நகல் எழுதும் வேலை என்னுடையது. எழுதத் தெரிந்தவன் வீட்டில் நான் ஒருவன்தான். சித்தப்பா என் தோளோடு குனிந்தார்.

“ரெண்டே ரெண்டு எழுத்து மக்கா. அத விட்டுட்டு எழுது. ஆரு பாக்கப்போறா?”

அப்பா என்னைக் கேட்டார். “விட்டா தப்பாடே?”

“பாத்து எழுதுகதுல எழுத்து விட்டா சாரு முட்டுக்குக் கீழ அடிப்பாரு” என்றேன்.

சித்தப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ஒவ்வொரு எழுத்தாக எழுத, அப்பா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நான் எழுதி முடித்த தாளை வாங்கி, ஓரெழுத்தும் குறையாத அதன் அடியில் பெருவிரலை அழுத்தினார்.

என்னைப்போலவே அப்பாவும் அந்தப் பழைய எழுத்தைக் கண்டு மலைத்துப்போனார் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். அவர் அப்போது கல்லைப் பார்க்கவே இல்லை. பார்த்துக்கொண்டிருந்தது மை படிந்த என் விரல்களை.

தண்ணீர் கடைமடைக்குப் போயிற்று. அந்த ஒரு கும்பப்பூ அறுவடையில் எங்களுக்கு இல்லாமல் போனது பதினாலு கோட்டை நெல்.