கோழிப் பொடியும் மருதாசலமும்

மருதாசலம் கோபப்பட்டு நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். நாமக்கல்லில் கோழி நோய் பார்க்கும் தனியார் ஆய்வுக்கூடத்தில் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த மேசை. செத்த குஞ்சின் குடலிலிருந்து கிருமியை எடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, அது என்ன வகை, எந்த மருந்துக்குச் சாகும் என்று சொல்வதுதான் எங்கள் பிழைப்பு. பண்ணைக்காரர்களோ எங்களைக் கேட்காமலே மஞ்சள் நிற டெட்ராசைக்ளின் பொடியைத் தண்ணீரில் அள்ளிக் கொட்டுவார்கள். குஞ்சு செத்ததும் எங்களிடம் சண்டைக்கு வருவார்கள்.

எண்பத்திரண்டாம் வருசக் கோடையில், மருதாசலத்தின் அக்காள் கணவர் அப்புசாமி புதுச்சத்திரத்தில் இருந்த தன் பண்ணையிலிருந்து செத்த குஞ்சுகளோடு வந்தார்.

"உங்கக்காளுக்கும் காய்ச்சலு, வயித்தாலயும் போவுது மாப்ள. பொடிய மோர்ல கலக்கிக் குடுத்துட்டு இருக்கறேன்."

"எந்தப் பொடிங்க மச்சான்?"

"கோழிக்குப் போடறதுதான். கோழிக்குக் கேக்கறது மனுசனுக்குக் கேக்காதா?"

மருதாசலம் உடனே அவரோடு போனான். அக்காள் சென்னியம்மாள் ஆஸ்பத்திரிக்கு வரவே மாட்டேன் என்றாள். "குஞ்செல்லாம் சாவுது, நான் போயி அங்க படுத்துக்கட்டுமா? பொடியிலயே கேக்கும் போ சாமி." சண்டை போட்டு, அவள் மலத்தைச் சின்னப் புட்டியில் வாங்கி வந்தான்.

குஞ்சின் கிருமி ஒரு தட்டில், அக்காளுடையது இன்னொன்றில். வகை பார்க்கும் சீரத்தை ஒரு சொட்டு விட்டதும் இரண்டும் ஒன்றுபோலப் பால் திரிவதுபோலத் திரிந்தன. ஒரே கிருமி! பிறகு மருந்து வில்லைகளை வைத்தோம். மருந்து கேட்டால் வில்லையைச் சுற்றிக் கிருமி செத்துத் தெளிவான வட்டம் விழும். மறுநாள் பார்த்தால், டெட்ராசைக்ளின் வில்லையின் விளிம்புவரை கிருமி மண்டிக் கிடந்தது. குளோராம்பெனிகாலுக்கு மட்டும் வட்டம் விழுந்திருந்தது. அக்காள் மோரில் குடித்துக்கொண்டிருந்ததும் அதே டெட்ராசைக்ளின் பொடிதான்.

புதுச்சத்திரம் போக லாரியை மறித்து ஏறினோம். அக்காள் நினைவில்லாமல் கிடந்தாள். பக்கத்து டம்ளரின் அடியில் மஞ்சள் வண்டல். அதே லாரியில் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், மருதாசலம் டாக்டரிடம் குளோராம்பெனிகாலின் பெயரைச் சொன்னான். அவள் கண் திறக்கும்வரை வராந்தாவை விட்டு நகரவில்லை.

பிழைத்துக்கொண்டாள். அப்புசாமி அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுது முடித்துக் கேட்டார்: "அந்த மருந்து பேரு என்ன மாப்ள? கோழிக்கும் அதையே கலக்கிப்போடறேன்."

மருதாசலம் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். "அது ஒண்ணுதானுங்க மச்சான் மிச்சம்! அதையும் கோழிக்குக் கொட்டிட்டா, நாளைக்கு அக்கா மறுக்காப் படுத்தா எதைக் குடுக்கறது?"

அப்புசாமி தலையாட்டினார். தலையாட்டச் செலவா என்ன?

அடுத்த கோடையில் அவர் பண்ணைக் குஞ்சின் தட்டை மருதாசலம் சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். குளோராம்பெனிகால் வில்லையைச் சுற்றி இருந்த அந்த வட்டத்தையும் காணோம். அன்றைக்கு அவன் கோபப்படவில்லை. "அக்காளப் பாத்துட்டு வாரேன்" என்று சொல்லிக் கிளம்பினான்.