சுருளின் கடைசிச் சாண்

காலை ஏழரைக்குச் சாய்ந்தமருதில் பஸ் ஏறினேன். அக்கரைப்பற்று இருபது கிலோமீற்றருக்குக் கிட்ட. அங்கே என் தங்கச்சி மர்யம் கிடக்கிறாள். இனி ஏலாது என்று ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சுருளைக் கொண்டா என்று சொல்லியனுப்பியிருந்தாள்.

அது எங்கள் வாப்பாவின் முன்னோர் காலத்துக் கடதாசிச் சுருள். பச்சைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். குடும்பத்தில் யாருக்கும் காய்ச்சல், வருத்தம் என்றால் அதில் ஒரு சாணை ஊறவைத்து, மை கரைந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுப்போம். குர்ஆன் என்று நம்பி, உற்றுப் பார்ப்பதே மரியாதைக் குறைவென்று கண்ணைத் தாழ்த்தித்தான் நனைப்போம்.

"உம்மா, அந்தத் துணிக்கட்டை மேல போடுங்க," என்றான் கொண்டக்டர்.

"இது ஓதுற சாமான். மேல இடமிருந்தா நீ போய்ப் படு."

பஸ் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை. வெட்டின வயலெல்லாம் வெடித்துக் கிடந்தது.

ஒன்பதுக்கு முன் மர்யத்தின் கட்டிலடியில் இருந்தேன். அவளுடைய மருமகன் மௌலவி. கைகால் முகம் கழுவி ஒழு எடுத்துச் சுருளை விரித்தார். விரிக்க விரிக்க வெறுங்கடதாசி. கடைசியில் ஒரு சாண்தான் எழுத்து.

"ஓலையெண்டா எழுத்தாணியால கீறியிருப்பாங்க மாமி, தண்ணிக்குப் போகாது. இது விளக்குக்கரியும் பிசினும் சேர்த்த மை. குடிச்சே முடிச்சிட்டீங்க." வாசிக்கத் தொடங்கியவர் நின்றுவிட்டார். "எழுத்து அறபு. பாசை அறபு இல்ல. இது குர்ஆனும் இல்ல."

அவரை விலக்கினேன். தமிழெழுத்து எனக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆனால் சின்னப்பிள்ளையில் இருந்து குர்ஆன் ஓதுகிறவள் நான். விரலை வைத்துக் கூட்டினேன். அறபெழுத்துக்குள் இருந்து எங்கள் தமிழ் வந்தது: 'கடலுக்குப் போன எங்கட ஆக்களைக் கரைசேர்த்துத் தா, ஆண்டவனே, றப்பே.'

சுனாமியில் மர்யத்தின் புருசனைக் கடல் கொண்டுபோனது. மையித்துக்கூடக் கிடைக்கவில்லை.

"இதைக் கேக்கத் தெரியாம, ராத்தா, காச்சலுக்கும் இருமலுக்கும் குடிச்சுப்போட்டமே," என்றாள் மர்யம்.

"இனி நனைக்கப்படாது மாமி. மிச்சம் இவ்வளவுதான்," என்றார் மருமகன்.

"நீங்க வச்சு வாசிப்பீங்க மகன். அதுக்கு நான் இருக்கமாட்டனே. ராத்தா, கோப்பையை எடு."

சுருள் என் கையில். இரண்டு பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். நனைத்தேன். மை நூல்நூலாக இறங்கியது. இரண்டு மிடறுதான் அவளுக்குப் போனது. மிச்சம் கடைவாயால் வழிந்து தலையணையைக் கறுப்பாக்கியது.

லுஹர் தொழுகைக்கு முன் மௌத்தானாள். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கினார்கள்.

அடுத்தநாள் திரும்பும்போது அதே கொண்டக்டர்.

"இண்டைக்கும் மேல போடமாட்டீங்களே உம்மா?"

"இண்டைக்குப் போடலாம்," என்றேன். எழுத்தில்லாத கடதாசிக்கு என்ன மரியாதை?

அவன் கையை நீட்டினான். நான் கொடுக்கவில்லை.