மாம்பழக்குருவியில் விழுந்த மஞ்சள்

நான் சிஞ்ஞோரா என்று கூப்பிடும் வீட்டுக்காரம்மாவின் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து அன்று முப்பத்தோராம் நாள். அந்த வீட்டில் வேறு யாரும் கணக்கு வைக்கவில்லை. இலங்கையில் சண்டை முடிந்தபின் வன்னியிலிருந்து வந்து அங்கே வீட்டு வேலை செய்த நான்தான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். எங்கள் வழக்கத்தில் பிள்ளை பிறந்த வீட்டுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, அதாவது தீட்டு. கடைசி நாள் மஞ்சள் தண்ணீர் தெளித்தால்தான் கழியும். இத்தாலியில் பலேர்மோவில் பிறந்தால் என்ன, பிள்ளை பிள்ளைதானே.

காலையில் தாயும் மகளும் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து உலாவக் கொண்டுபோனார்கள். போத்தலில் கரைத்துக் கொண்டுவந்த மஞ்சள் தண்ணீரை எடுத்தேன். மாவிலைக்கு எங்கே போவது? பால்கனித் தொட்டியில் நின்ற எலுமிச்சை மரத்தில் ஒரு கொத்து முறித்து அறை அறையாகத் தெளித்தேன். எனக்கு எதிலும் அரைகுறை பிடிக்காது. சாப்பாட்டு அறையில் கையை நன்றாக வீசிய பிறகுதான் மேசையைப் பார்த்தேன்.

பேத்தியின் அறையில் மாட்டவென்று சிஞ்ஞோரா முதல்நாள் தேர்ந்தெடுத்த பறவைப் படம் சட்டமில்லாமல் கிடந்தது. நூற்றைம்பது வருடத்துக்கு மேல் பழையது. செப்புத் தகட்டில் கோடு கீறி, தாளில் அச்சடித்து, பிறகு பெண்கள் வரிசையாக இருந்து ஆளுக்கொரு நிறமாகக் கையால் தீட்டியது என்று சொல்லியிருந்தார். மாம்பழக்குருவி. மஞ்சள் உடம்பு, கறுப்புச் செட்டை. வெள்ளை ஓரத்தில் என்னுடைய மூன்று சொட்டு, குருவியின் நெஞ்சில் ஒன்று.

எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. இந்த நாட்டில் தங்குவதற்கான பெர்மெஸ்ஸோவை அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும். அதற்கு இந்த வேலை வேண்டும், சிஞ்ஞோராவின் கையெழுத்து வேண்டும். துறைமுகத்தில் வேலைக்கு நின்ற கணவருக்குப் போன் எடுத்தேன்.

“இஞ்சாருங்கோ, சிஞ்ஞோராவின்ரை படத்திலை மஞ்சள் தெளிச்சுப்போட்டன்.”

“விசரே உமக்கு? தேய்க்காதையும். வெயிலிலை பிடியும், போயிடும்.”

வேட்டியில் பட்ட மஞ்சளுக்கு நான் செய்கிற வைத்தியத்தை எனக்கே சொல்கிறார்! ஆனால் வெயில் குருவியின் நிறத்தையும் தின்றுவிடுமே. பாஸ்தாப் பெட்டி அட்டையைக் குருவியின் அளவுக்கு வெட்டி மூடி, பால்கனியில் வைத்துக் காவலிருந்தேன். ஓரம் மெல்ல வெளுத்துக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில் சிரிப்பே வந்துவிட்டது. அப்போது கதவு திறந்தது.

ஒளிக்க வழியில்லை. நடந்ததைச் சொன்னேன். சிஞ்ஞோரா அட்டையைத் தூக்கி, பூதக்கண்ணாடியால் குருவியின் நெஞ்சை வெகுநேரம் பார்த்தார்.

“எது உன்ரை மஞ்சள், எது அந்தப் பொம்பிளையளின்ரை எண்டு தெரியேல்லை,” என்றார். வாலைக் காட்டினார். அங்கே பழைய மஞ்சள் கோட்டைத் தாண்டி வழிந்திருந்தது. “இதைத் தீட்டினவளுக்கும் அண்டைக்கு அவசரம்போலை. சரி, ஏன் தெளிச்சனீ?”

துடக்கைப் பற்றிச் சொன்னேன். அதற்குள் பிள்ளையைத் தூக்கினால் எங்கள் வீட்டில் சாமிக்கு விளக்கேற்ற முடியாது என்றும் சொன்னேன். அவர் முகம் மாறியது.

“அதுதானோ நீ ஒருநாளும் அவளைத் தூக்கேல்லை? எங்கடை பிள்ளையை உனக்குப் பிடிக்கேல்லை எண்டெல்லோ நினைச்சம். வேறை ஆளைப் பாப்பம் எண்டு ராத்திரித்தான் மகளோடை கதைச்சனான்.”

“இண்டையோடை முடிஞ்சுது, சிஞ்ஞோரா.”

சிஞ்ஞோரா மகளிடமிருந்து குழந்தையை வாங்கி என்னிடம் நீட்டினார். முப்பத்தொரு நாள் அடக்கி வைத்த ஆசை. மஞ்சள் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கி, இரண்டு கன்னத்திலும் மாறி மாறிக் கொஞ்சினேன்.