சிவப்பாகிப்போன சரோஜா

மே மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காபி ஆறுவதற்குள் போன். கிருஷ்ணகிரி பக்கம் சின்னதாக மாங்கூழ் யூனிட் நடத்தும் சரோஜா. என் மனைவியின் காலேஜ் தோழி.

“அண்ணா, நான் செவப்பாயிட்டேன்.”

மே மாத வெயிலில் கறுத்துப்போகிறவர்களைத் தெரியும். சிவப்பாகிறவர்...? “என்ன க்ரீம்மா போட்டே?” என்று கேட்டுத் தொலைத்துவிட்டேன். மறுமுனையில் அழுகை.

விஷயம் இதுதான். வியாபாரிகளின் நம்பகத்தன்மைக்கு அரசாங்கம் இப்போது கலர் கொடுக்கிறதாம். பச்சை என்றால் நம்பலாம். மஞ்சள் என்றால் யோசிக்கலாம். சிவப்பு — கிட்டவே போகாதே. எல்லாம் ஆன்லைன். வருடாவருடம் கூழ் வாங்கும் பெங்களூர் கம்பெனி அதைப் பார்த்துவிட்டு, “பச்சை ஆனதும் கூப்பிடுங்க மேடம்” என்று ஆர்டரை நிறுத்திவிட்டது. இங்கே தோட்டங்களில் கூழுக்கான ‘பெங்களூரா’ ரக மாங்காய் பறிக்கிற பக்குவத்தில் தொங்குகிறது. ‘உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது’ என்று மாங்காயிடம் சொல்ல முடியுமா?

மறுநாள் கிளம்பிப் போனேன். வரி ஆபீஸில் காரணம் சொன்னார்கள். வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் வியாபாரமே இல்லை, கரண்ட் மீட்டரும் ஓடவில்லை. கம்ப்யூட்டருக்குச் சந்தேகம். ஜனவரியில் ஓர் அதிகாரி நேரில் வந்திருக்கிறார். கதவில் பூட்டு. பக்கத்துப் பஞ்சர் கடை முனியப்பாவிடம் விசாரித்திருக்கிறார். முனியப்பாவுக்கு வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், அவசரத்தில் இரண்டும்.

“மூசேசினாரு சார்னு சொன்னேன்” என்றார் முனியப்பா, நான் போய்க் கேட்டபோது. “மாங்கா முடிஞ்சா மூடுவாங்க, மாங்கா வந்தா தொறப்பாங்க. ஊருக்கே தெரியும். இத வேற நான் சொல்லணுமா?”

மூசேசினாரு... மூடிவிட்டார்கள். அதிகாரி தெற்கத்திக்காரர். தெலுங்கு புரிந்துவிட்ட சந்தோஷத்தில் ‘நிறுவனம் மூடப்பட்டது’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். மூடின கம்பெனிக்கு எதற்குப் பதிவு? போலியாகத்தான் இருக்கும். ஆகவே, சிவப்பு.

யார் மேல் கோபப்படுவது? அதிகாரி பொய் எழுதவில்லை. முனியப்பா பொய் சொல்லவில்லை. போலி பில் போடும் ஆசாமிகளைப் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு. அது தேவையும்கூட. ஆனால் பன்னிரண்டு மாதமும் ஷிஃப்ட் ஓடும் ஓசூர் ஃபேக்டரிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. மாமரம் ஷிஃப்டுக்கு வராதே.

எனக்கு நிஜமாக வலித்தது சரோஜா சொன்ன இன்னொன்று. “எங்கியோ தப்பு பண்ணிட்டனோன்னு எனக்கே தோணுதுண்ணா.”

எடையில் ஒரு நாளும் கைவைக்காத பெண். திரையில் ஒரு கலர் மாறினால், தன்னைப் பற்றித் தனக்குத் தெரிந்ததுமா மாறிவிடும்?

மறு ஆய்வு நடந்தது. பச்சை வந்தது. அதற்குள் பாதி மாங்காய், வந்தவர்கள் கேட்ட விலைக்கு ஆந்திரா லாரிகளில் ஏறிப் போய்விட்டது.

போன வாரம் அந்தப் பக்கம் போயிருந்தேன். மாங்காய் சீசன் முடிந்து மாதக்கணக்காகிவிட்டது. யூனிட் உள்ளே மெஷின் சத்தம்.

“என்னம்மா ஓட்டறே?”

“ஒண்ணும் இல்லண்ணா. சும்மா ஓடுது. கரண்ட் பில்லு வரணும்ல? யாரு வந்து கேட்டாலும் ‘நடக்குது’ன்னு சொல்லச் சொல்லி முனியப்பாகிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்.”

இத்தனை வருடத்தில் சரோஜா யாரையும் ஏமாற்றியதில்லை. இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறார். மதிப்பீடு...? பளிச்சென்று பச்சை.