இடப்பக்கத்து வரி

கடப்பாக்கத்தில் சீனக் கவிதையின் விதிகளுக்குப் பயந்து வயிறு கலங்கிய ஒரே பையன் நானாகத்தான் இருப்பேன்.

அப்பா சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் பல வருஷம் கிடந்துவிட்டுத் திரும்பியிருந்தார். அங்கே கூடத் தங்கிய சீனச் சமையல்காரர் ஒருவர் அவருக்குப் பாட்டுப் பைத்தியத்தை ஏற்றி அனுப்பியிருந்தார். அவர்களுடைய பழைய பாட்டு ஒன்றுக்கு எட்டு வரி. நடுவிலுள்ள நான்கும் இரண்டிரண்டாக ஜோடி சேர வேண்டும். மலைக்கு ஆறு, நின்றதற்கு ஓடியது என்று ஒவ்வொரு வார்த்தைக்கும் எதிரே அதன் இனத்திலேயே ஒரு வார்த்தை. வந்தது மறுபடி வரக் கூடாது. குரலின் ஏற்ற இறக்கமும் எதிரெதிராக அமைய வேண்டுமாம். தமிழில் அதற்கு வழியில்லை என்று அப்பா அதை மட்டும் தள்ளுபடி செய்தார். அப்படி ஒரு ஜோடியைச் சிவப்புத் தாளில் எழுதி வாசலின் இரு பக்கமும் ஒட்டுவது அங்கே வழக்கம்.

அப்பா வலப்பக்கம் ஒட்டினார்: ‘தூரக் கடலில் வெள்ளைக் கப்பல் அலைந்தது.’ இடப்பக்கம் காலி.

அவர் வந்த நாளிலிருந்து அம்மா அவரோடு பேசவில்லை. சோற்றை வைப்பாள், போய்விடுவாள்.

அம்மாவின் அண்ணன், என் மாமா, வாசலில் நின்று கேட்டார். “இன்னா மச்சான், ஒரு பக்கம் மொட்டையா கீது?”

“அத்த உன் தங்கச்சி எழுதணும். எழுதலன்னா பொட்டியக் கட்டிகினு போய்க்கினே இருப்பேன்” என்றார் அப்பா.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் நான் கொல்லைக்கு ஓடினேன். திரும்பி வரும்போது கவிஞனாக வந்தேன்.

“கிட்டக் கடலில் வெள்ளைக் கட்டுமரம் அலைந்தது!”

“கடல் மறுபடி வந்துச்சு, வெள்ளை மறுபடி வந்துச்சு, அலைஞ்சதும் மறுபடி வந்துச்சு. தள்ளு” என்றார் அப்பா.

மறுபடி கொல்லை. மறுபடி கவிதை. “பக்கத்துக் குளத்தில் கறுப்பு எருமை குளித்தது!”

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். “எல்லாம் சரியா கீது நைனா. ஆனா நீ எழுதுனா செல்லாது.”

இப்படியொரு விதியை அந்தச் சமையல்காரர் எதற்காக வைத்தார் என்று எனக்கு விளங்கவில்லை. அழுதுகொண்டே அம்மாவிடம் போனேன். “ஒரே ஒரு வரிம்மா. என் எருமைய வேணா எடுத்துக்கோ.”

“ஏண்டா, அந்த ஆளு கப்பல் வுடுவாரு, நான் எருமை மேய்க்கணுமா?”

மறுநாள் காலையில் இடப்பக்கம் ஒரு நாட்காட்டித் தாள், திருப்பி, சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தது. அடுப்புக் கரியில் அம்மாவின் எழுத்து: ‘பக்கத்து அடுப்பில் கறுப்புச் சட்டி காய்ந்தது.’

விரல் வைத்துச் சரிபார்த்தேன். தூரத்துக்குப் பக்கம், கடலுக்கு அடுப்பு, வெள்ளைக்குக் கறுப்பு, கப்பலுக்குச் சட்டி, அலைந்ததற்குக் காய்ந்தது. என் ‘பக்கத்து’வையும் ‘கறுப்பை’யும் எடுத்துக்கொண்டதில் லேசான வருத்தம். இருந்தாலும் கத்தினேன். “அப்பா, ஒண்ணும் இடிக்கல! நீ போவ வேணாம்!”

அப்பா வெகுநேரம் அதையே படித்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய் அடுப்பிலிருந்த சட்டியை எடுத்துவந்து, கைப்பம்பு அருகே குந்தி, சாம்பலும் தேங்காய் நாருமாகத் தேய்க்கத் தொடங்கினார்.

அம்மா பின்னால் வந்து நின்றாள். “அடியில இன்னும் கரி கீது பாரு” என்றாள்.

அவர் தலை நிமிராமல் தேய்த்தார். பாட்டில் தோற்றவர் பாத்திரம் தேய்க்க வேண்டும் என்பதும் சீனர்களின் விதி என்றே நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தேன்.